சாப்பிடும் முன் ஒன்று, பின் ஒன்று: வீட்டில் சுகர் பார்ப்பது எப்படி

குளுக்கோமீட்டர் இருக்கிற வீடுகளில் பெரும்பாலும் காலை வெறும் வயிற்றில் மட்டும்தான் சுகர் பார்க்கிறார்கள். 118, 124, 121 என்று நோட்டில் எழுதி வருவார்கள். மூன்று மாதம் கழித்து ஹெச்பிஏ1சி (இரண்டு மூன்று மாதச் சுகரின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 7.6 என்று வந்தால், "மெஷின் சரியில்லை" என்று முடிவு கட்டிவிடுவார்கள். மெஷின் மேல் தப்பில்லை. இட்லிக்குப் பிறகும் மதியச் சோற்றுக்குப் பிறகும் சுகர் எங்கே போய் நின்றது என்று ஒருநாளும் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

முதலில் குத்துகிற விதம். தப்பு பாதி இங்கேதான் நடக்கிறது. கையை சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து உலர்த்துங்கள். மாம்பழம் நறுக்கிய விரலில் பார்த்தால், ரத்தத்தில் இல்லாத சுகரும் சேர்ந்து வரும். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள், பழத்தின் இனிப்பு அதில் முழுதாகப் போவதில்லை. ஸ்பிரிட் காயாமல் குத்தினாலும் அளவு மாறும். விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்துங்கள், வலி குறைவு. ரத்தம் வரவில்லை என்று நுனியைப் பிழிந்தால் திசுவில் உள்ள நீரும் கலந்து வரும், அளவு தவறிவிடும். கையைத் தொங்கப்போட்டு, உள்ளங்கையிலிருந்து நுனி நோக்கி மெல்ல நீவிவிட்டால் தானே துளிர்க்கும். துளி கடுகு அளவுக்குத் திரண்டதும் ஸ்ட்ரிப்பின் விளிம்பை அதில் தொடவையுங்கள். அதுவே உறிஞ்சிக்கொள்ளும். மேலே தடவக்கூடாது.

ஸ்ட்ரிப்பை எடுத்த உடனே டப்பாவை மூடுங்கள். காற்றின் ஈரம் பட்டால் ஸ்ட்ரிப் கெட்டுவிடும். ஃபிரிட்ஜ், சமையல் மேடை, வெயிலில் நிற்கும் கார் எதுவும் அதற்கு ஆகாது. டப்பாவைத் திறந்த தேதியை மேலேயே பேனாவால் எழுதி வையுங்கள். திறந்தபின் எத்தனை மாதம் தாங்கும் என்று லேபிளில் இருக்கும்.

எண்ணைப் படிப்பதிலும் கொஞ்சம் நிதானம் வேண்டும். 100-க்கு மேற்பட்ட அளவுகளில் லேப் அளவிலிருந்து 15 சதவீதம் வரை விலகுவதை இந்த மெஷின்களுக்கான தரவிதியே அனுமதிக்கிறது. ஆக 142-ம் 151-ம் நடைமுறையில் ஒன்றுதான், அதற்காகப் பட்டினி கிடக்க வேண்டாம். லேபோடு ஒப்பிட வேண்டுமென்றால் வெறும் வயிற்றில், அதே நேரத்தில் ஒப்பிடுங்கள். சாப்பிட்டபின் விரல்நுனி ரத்தத்தில், கையின் நரம்பில் எடுக்கும் ரத்தத்தைவிட சுகர் கூடுதலாகவே இருக்கும். ரத்தசோகை உள்ளவர்களுக்கு மீட்டர் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டலாம். இரும்புச்சத்துக் குறைவால் வந்த சோகையென்றால் ஹெச்பிஏ1சி-யும் கூடுதலாக வரக்கூடும்.

இனி முக்கியமான வேலை. ஒரு வேளையைத் தேர்ந்துகொள்ளுங்கள், காலை டிபன் என்று வைத்துக்கொள்வோம். சாப்பிட உட்காருமுன் ஒரு தடவை. முதல் வாய் வைத்ததிலிருந்து சரியாக இரண்டு மணி நேரம் கழித்து மறு தடவை. கை கழுவி எழுந்த நேரத்திலிருந்து கணக்குப் போடக்கூடாது. மாத்திரையை வழக்கம்போலவே போடுங்கள். "டெஸ்ட் இருக்கே" என்று மாத்திரையை விட்டுவிட்டுப் பார்க்கும் அளவு எதற்கும் உதவாது. பெரும்பாலானவர்களுக்கு சாப்பிடுமுன் 80 முதல் 130, இரண்டு மணி நேரத்தில் 180-க்குள் என்பது இலக்கு. கர்ப்பிணிகளுக்கு இலக்கு இதைவிடக் கடுமை, வயதானவர்களுக்குத் தளர்வு. உங்கள் இலக்கை டாக்டரிடம் கேட்டு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

முதல் நாள் வழக்கமான நாலு இட்லி, தேங்காய்ச் சட்னி. மறுநாள் அதே நேரம், இரண்டு இட்லி, காய் போட்ட சாம்பார் ஒரு கிண்ணம், சுண்டல் ஒரு கிண்ணம். மற்றதெல்லாம் மாறாமல் இருக்கட்டும். ஒரு நாள் சாப்பிட்டபின் நடந்து, மறுநாள் உட்கார்ந்துவிட்டால் எதனால் குறைந்தது என்று தெரியாது. நடையின் பலனைப் பார்க்க வேண்டுமா, மூன்றாம் நாள் அதே நாலு இட்லி சாப்பிட்டு 15 நிமிடம் நடந்துவிட்டுப் பாருங்கள். மூன்று நாள், ஆறு ஸ்ட்ரிப்.

கேழ்வரகையும் இப்படிச் சோதித்துவிடுங்கள். "சுகருக்கு நல்லது" என்று ஒரு சொம்பு கேழ்வரகுக் கஞ்சி குடிப்பவர்கள் ஏராளம். 100 கிராம் கேழ்வரகிலும் ஏறக்குறைய 70 கிராம் மாவுச்சத்துதான். நைசாக அரைத்துக் குழைய வேகவைத்தபின் அது வயிற்றில் தங்குவதில்லை, சுகர் விறுவிறுவென்று ஏறும். அதே மாவை முருங்கைக்கீரை, வெங்காயம் சேர்த்து அடையாகத் தட்டி, அளவோடு சாப்பிட்டுப் பாருங்கள். மதியம் பொரியலையும் பருப்பையும் முதலில் சாப்பிட்டு, கடைசியில் சோற்றுக்கு வருவதும் செலவில்லாத ஒரு வழி.

எண் 70-க்குக் கீழே வந்தால் சோதனையெல்லாம் அப்புறம். மூன்று டீஸ்பூன் சர்க்கரையை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். இன்னும் 70-க்குக் கீழேயே இருந்தால் இன்னொரு முறை குடியுங்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். இதில் பலருக்கும் தெரியாத ஒன்று உண்டு: மாத்திரை அட்டையில் வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் என்று இருந்தால், சாதாரண சர்க்கரை சீக்கிரம் வேலை செய்யாது. சர்க்கரையைக் குடலில் உடைக்கும் வேலையையே அந்த மருந்து தடுக்கிறது. மெடிக்கலில் கிடைக்கும் குளுக்கோஸ் பவுடர்தான் வேண்டும். அட்டையை இப்போதே திருப்பிப் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு தடவை பார்த்தும் 300-க்கு மேல் நின்று, வாந்தியோ மூச்சுவாங்கலோ இருந்தால் உணவுமுறையை மாற்றிப் பார்க்கிற நேரமல்ல, உடனே கிளம்புங்கள்.

நோட்டில் எண்ணை மட்டும் எழுதாதீர்கள். நேரம், சாப்பிட்டது எத்தனை, மாத்திரை போட்டதா என்று ஒரே வரியில் இருக்கட்டும். மருந்தை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம், நோட்டை டாக்டரிடம் காட்டுங்கள். விரலைக் குத்தும் ஊசியான லான்செட்டை வீட்டில் இன்னொருவருக்குக் கொடுக்கக்கூடாது. பயன்படுத்திய ஊசிகளைக் கனமான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, மூடியை இறுக்கி, குப்பை எடுப்பவரிடம் சொல்லித் தனியாகக் கொடுங்கள்.