முடக்கத்தான் கொடியை இனம் காண்பது எப்படி?

மழைக்குப் பின் வேலிகளில் பற்றுக்கம்பிகளால் ஏறிப் படரும் முடக்கத்தானை, ஆழமாகப் பிளவுபட்ட அதன் மெல்லிய இலைகளை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், காயையும் விதையையும் கண்ட பிறகே பறிக்க வேண்டும். காய் மூன்று அறைகளுடன், காற்றடைத்த சிறு பலூனைப் போல உப்பியிருக்கும். அழுத்தினால் ‘பட்’டென வெடிப்பதால் கிராமத்துப் பிள்ளைகளுக்கு அது விளையாட்டுப் பொருளும்கூட. முற்றிய காயைப் பிரித்தால், ஏறத்தாழ மிளகளவுள்ள கரிய விதை ஒவ்வொன்றிலும் இதய வடிவில் ஒரு வெண்புள்ளி தெரியும். அது இல்லையெனில் கொடியை விட்டுவிடுங்கள்.

முடக்கை அறுப்பது என்று பெயரிலேயே பயன் இருக்கிறது. மூட்டுவலிக்கு மரபாக உண்ணப்படும் கீரை இது. கழுவிய இலையை ஊறவைத்த அரிசியுடன் அரைத்துத் தோசையாக வார்ப்பதே எளிய வழி. இலையின் கசப்பு தோசையில் பெரிதும் அடங்கிவிடும். கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் உண்ண வேண்டாம்.