விஆரில் கார் ரேஸ்: ஹெட்செட் வந்த முதல் பத்து நாட்கள்

மானிட்டரில் சிம் ரேசிங், அதாவது நிஜம் போன்ற கார் பந்தய விளையாட்டு, ஓட்டுகிற நண்பர்கள் என்னிடம் பெரும்பாலும் கேட்பது எந்த விஆர் ஹெட்செட் (கண்ணில் மாட்டிக்கொண்டு மெய்நிகர் உலகைப் பார்க்கும் கருவி) வாங்கலாம் என்றுதான். வாங்கிய பிறகு என்ன செய்வது என்று கேட்பவர்கள் குறைவு. ஆனால் சிக்கலே அங்கேதான் ஆரம்பிக்கிறது. முதல் நாளே வயிற்றைப் புரட்டும், படம் விட்டுவிட்டு வரும், இரண்டு மணி நேரம் செட்டிங்கோடு மல்லுக்கட்டிவிட்டு ஹெட்செட்டை அலமாரியில் வைத்தவர்கள் பிறகு அதைத் திறப்பதே இல்லை. அப்படிக் கைவிட்ட மூன்று பேரை எனக்கு நேரில் தெரியும். அவர்கள் இழந்தது என்னவென்று எனக்குத் தெரியும் என்பதால் இதை எழுதுகிறேன்.

மானிட்டரில் ஓட்டும்போது வளைவு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை ஓரத்தில் நிற்கும் பலகைகளை வைத்துக் கணக்குப் போடுகிறோம். விஆரில் இரண்டு கண்ணுக்கும் தனித்தனிப் படம் போவதால் தூரம் தானாகத் தெரிகிறது, மேடு பள்ளமும் தெரிகிறது. கலிபோர்னியாவில் உள்ள லகுனா செகா டிராக்கில் கார்க்ஸ்க்ரூ என்று ஒரு இடம் உண்டு, இடதும் வலதுமாகத் திரும்பிக்கொண்டே சுமார் 18 மீட்டர் கீழே இறங்கும். மானிட்டரில் அதைப் பல நூறு தடவை ஓட்டியிருந்தேன். ஹெட்செட்டில் முதல் தடவை போனபோது பானெட்டுக்கு முன்னால் ரோடே இல்லை, எதிரே மரத்தின் உச்சிதான் இருந்தது, கால் தானாக பிரேக்குக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு நான் மானிட்டருக்குத் திரும்பவில்லை.

முதலில் வீல், அப்புறம் ஹெட்செட்

ஸ்டீயரிங் வீலும் பெடலும் இல்லாதவர்கள் விஆருக்கு இப்போதைக்குப் போக வேண்டாம். கேம்பேடில் கட்டைவிரலால் திருப்பும்போது உள்ளே தெரியும் கை ஒன்று செய்யும், உங்கள் கை வேறொன்று செய்யும், உடம்பு குழம்பும். விலை உயர்ந்த வீல்தான் வேண்டும் என்பதில்லை, லாஜிடெக் ஜி29 போன்ற ஒன்றே போதும். வீல் வைத்து மானிட்டரில் ஒரு மாதமாவது ஓட்டிவிட்டு வாருங்கள்.

ஹெட்செட்டைப் பொறுத்தவரை, கம்ப்யூட்டரில் ஓட்டப்போகிற புதியவருக்கு என் பரிந்துரை மெட்டா குவெஸ்ட் 3, கையில் காசு குறைவென்றால் குவெஸ்ட் 3எஸ். இரண்டுக்கும் முக்கிய வித்தியாசம் லென்ஸும் திரையும். குவெஸ்ட் 3-ல் ஒவ்வொரு கண்ணுக்கும் 2064×2208 புள்ளிகள், படம் ஓரம் வரை தெளிவாக இருக்கும், கண்ணை மட்டும் அசைத்துக் காரின் பக்கக் கண்ணாடியைப் பார்க்கலாம். 3எஸ்-ல் 1832×1920, நடுவில் தெளிவு, ஓரத்தில் கொஞ்சம் மங்கல்.

பிளேஸ்டேஷன் 5 வைத்திருப்பவர்களுக்கு வேலை இன்னும் சுலபம். பிஎஸ் விஆர்2 வாங்கி, கிரான் டூரிஸ்மோ 7 போட்டால் கீழே நான் சொல்லும் கிராஃபிக்ஸ் தலைவலி எதுவும் கிடையாது, 2023 பிப்ரவரியிலிருந்து அந்த விளையாட்டின் ரேஸ்களை, இரண்டு பேர் திரையைப் பிரித்து ஆடுவதைத் தவிர, விஆரில் ஓட்டலாம். அவர்கள் நேராக வயிறு பற்றிய பகுதிக்குப் போய்விடலாம்.

பழைய ஹெட்செட் வாங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. எச்பி ரெவெர்ப் ஜி2 ரேசிங்காரர்களிடம் ஒரு காலத்தில் பெரிய பெயர் வாங்கியது, இப்போது கைமாற்று விலையில் மலிவாகக் கிடைக்கும். அது வேலை செய்யத் தேவையான விண்டோஸ் மிக்ஸ்ட் ரியாலிட்டி என்ற பகுதியை மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பிலிருந்து எடுத்துவிட்டது. புதியவர் அந்த மலிவு விலைக்கு மயங்க வேண்டாம்.

கேபிளா, வைஃபையா?

ஹெட்செட்டைக் கம்ப்யூட்டரோடு இணைக்க முதல் பத்து நாட்கள் கேபிள். நல்ல யுஎஸ்பி 3 கேபிளை மதர்போர்டின் பின்பக்கத்து யுஎஸ்பி துளையில் நேரடியாகச் செருகுங்கள். கேபினட்டின் முன்பக்கத் துளை, யுஎஸ்பி ஹப் இரண்டும் வேண்டாம், நடு ரேஸில் இணைப்பு அறுந்து கண் முன்னால் எல்லாம் கறுப்பாகும் தொல்லை பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது. கம்ப்யூட்டரில் மெட்டாவின் லிங்க் செயலியை நிறுவினால் அதிலேயே கேபிள் வேகத்தைச் சோதிக்கும் வசதி இருக்கிறது. 2 ஜிபிபிஎஸ்-க்கு மேல் காட்டினால் சரி. சில நூறு எம்பிபிஎஸ் மட்டும் காட்டினால் அது யுஎஸ்பி 2 வேகம், கேபிளையோ துளையையோ மாற்றிப் பாருங்கள்.

வைஃபையில் ஓட்ட ஆசைப்படுபவர்கள் கம்ப்யூட்டரை ரௌட்டரோடு லேன் ஒயரில் இணைத்து, ரௌட்டரை அதே அறையில் வைத்து, ஹெட்செட்டை மட்டும் 5 கிகாஹெர்ட்ஸில் சேர்க்க வேண்டும். நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கும் ஆட்டத்துக்குக் கேபிள் பெரிய இடைஞ்சலும் இல்லை. முதுகுப்பக்கமாக விட்டு, நாற்காலியில் ஒரு கிளிப் போட்டுவிட்டால் மறந்துவிடுவீர்கள்.

கண்ணுக்குச் சரியாக மாட்டுவது

இதை ஐந்து நிமிடத்தில் தாண்டிப் போகிறார்கள், தலைவலி வந்த பிறகு திரும்பி வருகிறார்கள். உங்கள் இரண்டு கண்மணிகளுக்கும் நடுவே உள்ள தூரம்தான் ஐபிடி என்பது. கண்ணாடி முன் நின்று ஸ்கேலை வைத்து அளக்கலாம், கண்ணாடி அணிபவர்களுக்குக் கண்ணாடிக் கடைக்காரரே அளந்து சொல்லிவிடுவார். குவெஸ்ட் 3-ல் அடிப்பக்கத்தில் ஒரு சின்னச் சக்கரம் இருக்கிறது, அதைச் சுழற்றினால் மில்லிமீட்டர் கணக்கு திரையில் தெரியும். 3எஸ்-ல் 58, 63, 68 என்று மூன்று நிலைகள்தான், லென்ஸையே கையால் தள்ள வேண்டும். உங்கள் அளவுக்கு அருகில் உள்ளதில் வையுங்கள். பிறகு ஹெட்செட்டை முகத்தில் மேலும் கீழுமாக மெதுவாக நகர்த்தி, எழுத்து எங்கே கூர்மையாகத் தெரிகிறதோ அங்கே நிறுத்திப் பட்டையை இறுக்குங்கள்.

லென்ஸில் வெயில் படவே கூடாது. ஜன்னலோரம் ஒரு சில நிமிடம் லென்ஸ் மேல்நோக்கிக் கிடந்தால் போதும், அது பூதக்கண்ணாடி மாதிரி வெயிலைக் குவித்துத் திரையை எரித்துவிடும், அந்தக் கறை போகாது. கழற்றியதும் துணி போட்டு மூடும் பழக்கத்தை முதல் நாளே ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

விளையாட்டும் செட்டிங்கும்

தொடங்குவதற்கு அசெட்டோ கோர்சா. இத்தாலியின் குனோஸ் நிறுவனம் 2014-ல் வெளியிட்டது, ஸ்டீம் என்ற ஆன்லைன் விளையாட்டுக் கடையின் தள்ளுபடி நாட்களில் மிகக் குறைந்த விலைக்கு வரும், பழைய விளையாட்டு என்பதால் நடுத்தரக் கிராஃபிக்ஸ் கார்டிலும் விஆர் நன்றாக ஓடும். என் ஆர்டிஎக்ஸ் 3060-ல் திருப்தியாக ஓடுகிறது. அதன் அடுத்த விளையாட்டான காம்பெடிசியோனே பார்க்க அழகு, விஆரில் கம்ப்யூட்டரைப் பிழிந்துவிடும், அதைப் பிறகு பார்க்கலாம். இதில் பழகியபின் ஆட்டோமொபிலிஸ்டா 2-க்கும், ஆன்லைனில் ஒழுங்கான போட்டி வேண்டுமென்றால் ஐரேசிங்குக்கும் போகலாம்.

அசெட்டோ கோர்சாவோடு கன்டென்ட் மேனேஜர் என்ற துணைச் செயலியையும், கஸ்டம் ஷேடர்ஸ் பேட்ச் என்ற இணைப்பையும் போட்டுக்கொள்ளுங்கள், இரண்டுக்கும் இலவசப் பதிப்பு உண்டு. கன்டென்ட் மேனேஜரின் வீடியோ செட்டிங்கில் ரெண்டரிங் மோட் என்று ஒரு வரி இருக்கும், அங்கே ஒற்றைத் திரை என்பதை மாற்றி ஓக்குலஸ் ரிஃப்ட் என்று வைத்தால் லிங்க் கேபிள் வழியே நேராக ஹெட்செட்டுக்கு வரும். ஸ்டீமின் விஆர் மென்பொருளான ஸ்டீம் விஆர் வழியாக ஓட்டுபவர்கள் ஓப்பன்விஆர் என்று வைக்க வேண்டும்.

இனி கிராஃபிக்ஸ். இங்கே ஒரு கணக்கைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். சாதாரண 1080பி மானிட்டரில் சுமார் 20 லட்சம் புள்ளிகள். குவெஸ்ட் 3-ன் இரண்டு கண்ணுக்கும் சேர்த்து 90 லட்சத்துக்கும் மேல். அதை நொடிக்கு 90 தடவை வரைய வேண்டுமென்றால் ஒரு படத்துக்குக் கம்ப்யூட்டருக்குக் கிடைக்கும் நேரம் 11.1 மில்லி நொடி. 72 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 72 தடவை என்று, வைத்தால் 13.9 மில்லி நொடி. மானிட்டரில் ஒரு ஃப்ரேம், அதாவது அப்படி ஒரு படம், தவறினால் கண் மன்னித்துவிடும், தலையோடு ஒட்டிய திரையில் தவறினால் உலகமே ஒரு கணம் நின்று நகர்ந்த மாதிரி இருக்கும், குமட்டலுக்கு அது ஒன்றே போதும். எனவே அழகை விட்டுக்கொடுங்கள், சீரான ஓட்டத்தை விட்டுக்கொடுக்காதீர்கள்.

நான் செய்வது இது. லிங்க் செயலியில் 72 ஹெர்ட்ஸ். வேகத்தில் படத்தைக் கலைக்கும் மோஷன் பிளர், பின்னணியை மங்கலாக்கும் டெப்த் ஆஃப் ஃபீல்ட் இரண்டையும் அணைத்துவிடுகிறேன். நிழலும் பிரதிபலிப்பும் நடுத்தரம் அல்லது அதற்கும் கீழே, பக்கக் கண்ணாடியின் தெளிவு குறைவு, புகை குறைவு. விளிம்புகளை வழவழப்பாக்கும் எம்எஸ்ஏஏ 4 மடங்கை மட்டும் குறைக்க மாட்டேன், அது இல்லாவிட்டால் தூரத்து வேலிக் கம்பியெல்லாம் மினுமினுத்துக் கண்ணை உறுத்தும். எதிராளிக் கார் ஒன்றும் இல்லாமல் தனியாக ஓட்டி, ஃப்ரேம் எண்ணிக்கை 72-ஐ விட்டு இறங்காமல் நிற்கிறதா என்று இரண்டு சுற்றுப் பாருங்கள். நின்றால் ஒரே ஒரு செட்டிங்கை மட்டும் ஏற்றிவிட்டு மறுபடி இரண்டு சுற்று. ஒரே நேரத்தில் ஐந்தை மாற்றினால் எது கெடுத்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

காரின் கண்ணாடி விளிம்பும் ஸ்டீயரிங்கின் ஓரமும் ஜெல்லி மாதிரி நெளிந்தால், கம்ப்யூட்டர் திணறுகிறது, ஹெட்செட்டின் மென்பொருள் பாதிப் படங்களை ஊகித்து நிரப்புகிறது என்று அர்த்தம். அப்போது செட்டிங்கை இன்னும் இறக்குங்கள்.

உட்காரும் முறை

விஆரில் இருக்கும்போது உங்களுக்கு அறை தெரியாது. சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலி என்றால் பிரேக்கை மிதித்ததும் பின்னால் நகரும், நாற்காலிச் சக்கரங்களைப் பழைய ஷூக்களுக்குள் இறக்கி வைத்தால் அசையாது. வீலில் அடிக்கடி தேவைப்படும் பொத்தான்களில் சின்ன ரப்பர் புள்ளி ஒட்டுங்கள், விரலால் தடவியே அடையாளம் தெரியும். அந்தப் பொத்தான்களில் ஒன்று கட்டாயம் பார்வையை நடுவுக்குக் கொண்டுவரும் பொத்தானாக இருக்க வேண்டும். கீபோர்டில் தேடிக்கொண்டிருக்க முடியாது.

காருக்குள் உட்கார்ந்ததும் உங்கள் கை பிடித்திருக்கும் வீலும் கண்ணுக்குத் தெரியும் வீலும் ஒரே இடத்தில், ஒரே உயரத்தில் இருக்கும்படி இருக்கையைச் சரிசெய்யுங்கள். நீங்கள் 90 டிகிரி திருப்பினால் உள்ளேயும் 90 டிகிரி திரும்ப வேண்டும். இரண்டும் பொருந்திய கணத்தில் உடம்பு அந்தக் காரை நம்பத் தொடங்குகிறது. மானிட்டரில் பார்வைக் கோணத்தை அளந்து வைத்த வேலையெல்லாம் இங்கே தேவையில்லை, எல்லாம் நிஜ அளவிலேயே தெரியும்.

வயிறு

கொடைக்கானல் மலைப் பாதையில் பஸ்ஸுக்குள் போனைப் பார்த்துக்கொண்டு போனால் குமட்டும். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு வண்டி வளைவதைச் சொல்கிறது, கண் எதுவும் அசையவில்லை என்கிறது. விஆரில் இதுவே தலைகீழ், கண் பறக்கிறது, காது நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு நாள்பட நாள்பட உடம்பு பழகிக்கொள்ளும், ஆனால் வம்படியாகப் பழக்க முடியாது. முதல் நாள் நெற்றி வியர்த்து, வாயில் எச்சில் ஊறியபோதும் நான் நிறுத்தாமல் நாற்பது நிமிடம் ஓட்டினேன். இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. அதைவிட மோசம், அடுத்த மூன்று நாள் ஹெட்செட்டின் நுரை வாசனை பட்டாலே வயிறு புரண்டது. வியர்வை, கொட்டாவி, எச்சில், லேசான சூடு, இவற்றில் எது வந்தாலும் அந்த நொடியே கழற்றுங்கள். அன்றைக்கு மறுபடி மாட்ட வேண்டாம்.

ஒரு டேபிள் ஃபேனை முகத்துக்கு நேரே வையுங்கள். நம் ஊர் வெப்பத்துக்கு அது இல்லாமல் லென்ஸில் ஆவி படியும், தவிர காற்று ஒரே பக்கத்திலிருந்து வருவது திசை தெரிய உடம்புக்கு உதவுகிறது. காரின் குலுக்கலுக்கு ஏற்பத் தலையை ஆட்டும் செட்டிங்கை எல்லாம் பூஜ்யமாக்குங்கள். பார்வையை அடிவானத்தோடு பூட்டும் வசதி இருந்தால் ஆரம்பத்தில் போட்டுக்கொள்ளலாம். கார் சுழன்றுவிட்டால் பிரேக்கை மிதித்து, கண்ணை மூடி, நின்ற பிறகு திறங்கள். ரீப்ளேயை ஹெட்செட்டோடு பார்க்கவே பார்க்காதீர்கள், கேமரா இடம் தாவும்போதெல்லாம் வயிறும் தாவும்.

நாள் கணக்கு

முதல் இரண்டு நாள் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். அபார்த் 500 போன்ற சின்னக் கார், மஜியோனே போன்ற சின்ன டிராக், சாதாரணமாக ரோட்டில் போகிற வேகம். பிரேக்கை மெதுவாக அழுத்துங்கள், ஏனென்றால் புதியவர்களுக்குப் பெரிதும் உறுத்துவது திடீர் நிறுத்தம்தான், கண் முன்னால் எல்லாம் நிற்கிறது, உடம்பு முன்னால் சாயவில்லை. மூன்றாம் நாளிலிருந்து பதினைந்து நிமிடம், உடம்பு ஒத்துழைத்தால் இருபது. வளைவுக்குள் நுழையும் முன்பே தலையைத் திருப்பி அதன் உட்புறத்தைப் பாருங்கள், நிஜக் காரில் செய்வதைப் போல. மானிட்டர் பழக்கத்தில் கழுத்து நேராகவே நிற்கும், நினைவுபடுத்திக்கொண்டே இருக்க வேண்டும். லேப் நேரம், அதாவது ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம், இந்த வாரம் மோசமாகத்தான் இருக்கும், அதைத் திரையிலிருந்தே எடுத்துவிடுங்கள்.

ஏழெட்டு நாளில் இருபது நிமிடம் ஓட்டியும் ஒன்றும் ஆகவில்லை என்றால் கொஞ்சம் வேகமான காருக்கும் வாலெலுங்கா டிராக்குக்கும் போங்கள், இப்போது முழு பிரேக்.

பத்தாம் நாள் ஒரே ஒரு எதிராளிக் காரைச் சேர்த்து, பின்னால் வரும்படி விடுங்கள். கண்ணாடியில் அது பெரிதாகும், நேர்ப்பாதையில் பக்கத்தில் வரும். அப்போது மானிட்டரில் போல அம்புக்குறி காட்டும் ரேடாரைத் தேடாமல், தலையைத் திருப்பி ஜன்னல் வழியே பாருங்கள். கை நீட்டினால் தொடும் தூரத்தில் அதன் முன்சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும்.