ரேக்ளா குதிரை விறைத்து நின்றால்

விடியற்காலை வண்டியில் பூட்டி அரை மைல்கூடப் போகவில்லை. குதிரையின் நடை குறுகிக்கொண்டே வந்து, பின்னங்காலை எடுத்து வைக்க முடியாமல் ரோட்டிலேயே நின்றுவிட்டது. உடம்பெல்லாம் வேர்வை. அந்தியூர் ஆடிச் சந்தையில் வாங்கி ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் பார்த்துவிட்டு, "வவுறு புடிச்சிருக்குதுங்க தம்பி, நடக்க உடுங்க" என்றார். கடிவாளத்தைப் பிடித்து வீடு வரைக்கும் இழுத்து வந்தேன். அங்கேதான் தப்புச் செய்தேன்.

அது வயிற்றுவலி இல்லை, சதை நோய். ஓட்டத்தில் சதை நார்கள் இறுகிச் சிதைந்துபோகும். டாக்டர்கள் 'டையிங் அப்' (tying-up) என்பார்கள். இந்த நிலையில் குதிரை வைக்கும் ஒவ்வொரு அடியும் இன்னும் கொஞ்சம் சதையைச் சிதைக்கும். சிதைந்த சதையிலிருந்து மயோகுளோபின் என்ற நிறப்பொருள் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைப் போய்த் தாக்கும். நின்ற இடத்திலேயே வண்டியை அவிழ்த்து, நிழல் காட்டி, வாளியில் தண்ணீர் வைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிட்டிருக்க வேண்டும்.

வயிற்றுவலி என்று ஏமாறுவது எளிது. இரண்டிலும் வேர்க்கும், காலால் தரையைப் பறிக்கும், நிமிஷத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கவேண்டிய நாடித் துடிப்பு எகிறும். சப்பையில், அதாவது பின்புறச் சதையில், கை வைத்துப் பாருங்கள். சதை நோய் என்றால் பெரும்பாலும் பலகை மாதிரி கெட்டியாக இருக்கும், அழுத்தினால் குதிரை துடிக்கும். வயிற்றுவலிக் குதிரை விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும், படுத்துப் புரளும். அப்புறம் மூத்திரம். என் குதிரைக்குக் காப்பி டிகாஷன் நிறத்தில் வந்தது. ரத்த அணுக்கள் உடைகிற நோயிலும் இப்படிச் சிவந்து வரும் என்பதால், ஒரு பாட்டிலில் பிடித்து டாக்டரிடம் கொடுத்துவிடுவது நல்லது. குளம்பு சுட்டுக்கொண்டு முன்னங்காலை ஊன்றத் தயங்கினால் அது குளம்பு நோய். கண்ணின் மூன்றாவது இமை குறுக்கே வந்து மூடினால் டெட்டனஸாக இருக்கலாம்.

வலி தெரியாமல் இருக்கட்டும் என்று மருந்துக் கடையில் கேட்டு ஊசி போடுகிறவர்கள் நம் பக்கம் உண்டு. உடம்பில் நீர் வற்றிய குதிரைக்கு ஃபினைல்பியூட்டசோன், ஃப்ளூனிக்சின் மாதிரி மருந்துகள் சிறுநீரகத்துக்கு இரண்டாவது அடி. டாக்டர் முதலில் குளுக்கோஸ் பாட்டில் மாதிரி சலைன் ஏற்றுவதற்குக் காரணம் இருக்கிறது. சதையில் போடும் ஊசியால் ரத்தப் பரிசோதனையும் குழம்பிவிடும். சதை சிதைந்தால் ரத்தத்தில் கூடும் சிகே (CK) என்ற நொதியின் அளவை, ஊசி குத்திய இடமே கொஞ்சம் ஏற்றிக் காட்டும்.

ரத்தம் எடுக்கும் நேரத்திலும் கோட்டை விடுகிறோம். இந்த சிகே, சதை சிதைந்த நாலு முதல் ஆறு மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போய், புதிதாகச் சிதைவு இல்லையென்றால் சில நாளில் இறங்கிவிடும். ஏஎஸ்டி (AST) என்ற இன்னொரு நொதி மெதுவாக ஏறி வாரக்கணக்கில் நிற்கும். பத்து நாள் கழித்து எடுத்து "சிகே சரியாத்தான் இருக்குது" என்று நிம்மதியாகிவிடக் கூடாது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் நோய் பழசா, இன்னும் நடக்கிறதா என்று தெரியும்.

என் குதிரைக்கு ஏன் வந்தது? பந்தயம் முடிந்து நாலு நாள் லாயத்தில் சும்மா கட்டியிருந்தேன். தீவனம் மட்டும் பந்தய நாள் அளவிலேயே போய்க்கொண்டிருந்தது: கொள்ளு, கம்பு, மக்காச்சோளம். அந்தக் காலத்து ஐரோப்பாவில் உழவுக் குதிரைகளுக்கு ஞாயிறு ஓய்வு, தானியம் குறையாது. திங்கள் காலை ஏரில் பூட்டினால் விறைத்து விழும். 'திங்கட்கிழமை நோய்' என்றே பெயர் வைத்தார்கள். வேலை இல்லாத நாளில் தானியத்தைப் பாதிக்குக் கீழே குறையுங்கள். 350 கிலோ குதிரைக்குக் காய்ந்த தீவனமாக 5 முதல் 7 கிலோ கொழுக்கட்டைப் புல்லோ சோளத்தட்டோ போகட்டும். தெம்பு வேண்டுமென்றால் டாக்டர் சொல்லும் அளவில் எண்ணெயைச் சிறிது சிறிதாகப் பழக்கலாம். செலினியம் என்ற தாது ஊசியைச் சத்து ஊசி மாதிரி அடிக்கடி போடாதீர்கள், அளவு மீறினால் அதுவே விஷம்.

வலி தீர்ந்தபின் மாதக்கணக்கில் கட்டிப்போடுவதும் தப்பு. டாக்டர் சரி என்றதும் தினமும் கொஞ்சம் நடத்த வேண்டும். திரும்பத் திரும்ப வந்தால் பரம்பரைக் கோளாறா என்று பார்க்கச் சொல்லுங்கள். அமெரிக்க இனமான குவார்ட்டர் குதிரைகளிலும் பாரவண்டி இனங்களிலும் இப்படி ஒரு மரபணு மாற்றத்தை 2008இல் கண்டுபிடித்தார்கள். ரேஸில் ஓடி ஓய்ந்து நம்மிடம் வரும் தரோபிரெட்டுகளுக்கு வருவது வேறு ரகம், மிரட்சி உள்ள குதிரையில் அதிகம்.

நாமக்கல், பல்லடம் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கடைசியாக ஒன்று. கோழிப்பண்ணையில் மிஞ்சிய தீவனத்தைக் குதிரைக்குப் போடவே போடாதீர்கள். கோழிக்கு ரத்தக் கழிச்சல் வராமலிருக்கச் சேர்க்கும் மோனென்சின், சாலினோமைசின் மருந்துகள் கோழிக்கு ஒன்றும் செய்யாத அளவிலேயே குதிரையின் சதையையும் இதயத்தையும் கெடுத்துவிடும். முறிவு மருந்து கிடையாது. பிழைத்துத் தேறியதாகத் தெரியும் குதிரைகூட, இதயத் தழும்பினால் சில மாதம் கழித்து வண்டியில் ஓடும்போதே விழலாம். கோழித் தீவனம் வந்த சாக்கில் கொள்ளைக் கொட்டி வைத்திருந்தால், அந்தச் சாக்கையும் மாற்றிவிடுங்கள்.