ஹைபர்னேஷன் கோப்பு சி டிரைவை அடைக்கிறதா? அணைப்பதா, சுருக்குவதா?

சி டிரைவில் இடமில்லை என்று விண்டோஸ் எச்சரித்தால், படங்களை அழிக்கத் தொடங்கும் முன் ஒரு கோப்பைப் பார்த்துவிடுங்கள். அதன் பெயர் ஹைபர்ஃபில்.சிஸ். லேப்டாப்பை ஹைபர்னேட் செய்யும்போது, அதாவது திறந்திருக்கும் வேலையைச் சேமித்துவிட்டு முழுதாக அணைக்கும்போது, ரேமில் (தற்காலிக நினைவகத்தில்) உள்ளதை விண்டோஸ் இதில்தான் எழுதி வைக்கிறது. மின்சாரமே இல்லாமல் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடர முடிவது இதனால்தான். ஸ்லீப்பில் வேலை எல்லாம் ரேமிலேயே இருக்கும். பேட்டரி முழுக்கத் தீர்ந்தால் சேமிக்காதது போய்விடும்.

இந்தக் கோப்பு வழக்கமாக ரேமின் அளவில் சுமார் 40% இடம் பிடிக்கும். 16 ஜிபி ரேம் என்றால் 6 ஜிபிக்கு மேல். சிறிய எஸ்எஸ்டி உள்ளவர்களுக்கு இது பெரிய இடம்தான்.

முதலில் கோப்பைக் கண்ணால் பார்ப்போம். ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் வியூ பகுதிக்குப் போய், மறைந்த கோப்புகளைக் காட்டும் தேர்வைப் போடுங்கள். பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் கோப்புகளை மறைக்கும் டிக்கையும் எடுங்கள். இப்போது சி டிரைவைத் திறந்தால் ஹைபர்ஃபில்.சிஸ் தெரியும். பக்கத்திலேயே பேஜ்ஃபைல்.சிஸ், ஸ்வாப்ஃபைல்.சிஸ் என்று இன்னும் இரண்டு தெரியலாம். அவை விர்ச்சுவல் மெமரி சம்பந்தப்பட்டவை, இந்த வேலைக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. மூன்றில் எதையும் டிலீட் பொத்தானால் அழிக்கப் பார்க்காதீர்கள். பார்த்து முடித்ததும் எடுத்த டிக்கை மறக்காமல் திரும்பப் போட்டுவிடுங்கள்.

சரி, ஹைபர்னேஷனை அணைக்கலாமா? அணைத்தால் கோப்பு தானாகவே மறைந்துவிடும், மொத்த இடமும் திரும்பக் கிடைக்கும். ஆனால் ஹைபர்னேட்டோடு ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பும் போய்விடும். விண்டோஸ் 8 முதல் இருக்கும் இந்த வசதி, ஷட்டவுன் செய்யும்போது சிஸ்டத்தின் மையப் பகுதியை இதே கோப்பில் சேமித்து வைத்து, அடுத்த முறை சீக்கிரம் ஆன் ஆக உதவுகிறது. இன்னொன்று, பேட்டரி அபாய அளவுக்குக் குறைந்தால் தானாக ஹைபர்னேட் ஆகும்படி பல லேப்டாப்களில் அமைத்திருப்பார்கள். அந்தப் பாதுகாப்பும் இருக்காது. லேப்டாப்பை மூடிப் பையில் போட்டுக்கொண்டு அலைபவர்கள் அணைக்க வேண்டாம் என்பேன். எப்போதும் சார்ஜரிலேயே இருக்கும் லேப்டாப் என்றால் தாராளமாக அணைக்கலாம். லினக்ஸும் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு அணைப்பது நல்லதும்கூட. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இயங்கினால் விண்டோஸ் பார்ட்டிஷனில் லினக்ஸ் எழுத மறுக்கும் தொல்லை வரும்.

அணைப்பதற்கு, ஸ்டார்ட் மெனுவில் சிஎம்டி என்று ஆங்கிலத்தில் தேடி, கமாண்ட் பிராம்ப்ட்டின் மேல் ரைட் கிளிக் செய்து, அட்மினிஸ்ட்ரேட்டராக இயக்குங்கள். சாதாரணமாகத் திறந்தால் அனுமதி இல்லை என்று சொல்லிவிடும். பவர் என்ற சொல்லோடு சி, எஃப், ஜி ஆகிய எழுத்துகளை இடைவெளி இல்லாமல் ஒட்டி ஆங்கிலத்தில் டைப் செய்யுங்கள். பிறகு ஓர் இடைவெளி, முன்சாய்கோடு, அதை ஒட்டி எச். மறுபடி ஓர் இடைவெளி விட்டு ஆஃப் என்று எழுதி எண்டர் தட்டுங்கள். எந்தச் செய்தியும் வராது. அப்படி வராவிட்டால் வேலை முடிந்தது என்று அர்த்தம். பிறகு மனம் மாறினால் ஆஃப் இருந்த இடத்தில் ஆன்.

நடுவழியும் ஒன்று உண்டு. ஆஃப் என்பதற்குப் பதிலாக முன்சாய்கோடு, அதை ஒட்டி டைப், ஓர் இடைவெளி, ரெட்யூஸ்ட் என்று கொடுத்தால் கோப்பு ரேமின் அளவில் சுமார் 20% ஆகச் சுருங்கும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இருக்கும், ஹைபர்னேட் மட்டும் கிடைக்காது. ரெட்யூஸ்ட் இருந்த இடத்தில் ஃபுல் என்று கொடுத்தால் அதுவும் திரும்ப வந்துவிடும்.

இடம் போதும், ஹைபர்னேட்தான் வேண்டும், ஆனால் பவர் மெனுவில் காணோம் என்பவர்கள் கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸைத் திறங்கள். பவர் பொத்தான்கள் என்ன செய்ய வேண்டும் என்பதைத் தேர்ந்தெடுக்கும் இணைப்பு இடப்பக்கம் இருக்கும். அதற்குள் போய், இப்போது மாற்ற முடியாத அமைப்புகளை மாற்றும் வரியைக் கிளிக் செய்து, கீழே ஹைபர்னேட்டுக்கு டிக் போட்டுச் சேமியுங்கள்.