மொட்டை மாடி மழையைக் கிணற்றில் இறக்குவது எப்படி: சென்னை வீடுகளுக்கு

வீட்டு வாசலோரம் சிமெண்ட் மூடி போட்ட சின்னக் குழி ஒன்று இருக்கிறதா பாருங்கள். 2003-இல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது அவசர அவசரமாகத் தோண்டிய குழியாக இருக்கும். கடப்பாரையால் அந்த மூடியை நெம்பித் திறந்தால் தெரியும்: ஜல்லிமேல் கறுப்புச் சேறு, மக்கிய இலை, பக்கத்து மரத்தின் வேர். சில வீடுகளில் மாடிக் குழாய் அந்தக் குழிவரை வந்து சேர்வதே இல்லை, பாதியில் முடிந்து தெருவில் கொட்டும். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு, குடங்களோடு லாரிக்குக் காத்து நின்ற தெருக்களிலும் இப்படிப்பட்ட குழிகள் இருந்தன.

சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மி.மீ. மழை பெய்கிறது. குறைவான மழை என்று இதைச் சொல்ல முடியாது. ஆனால் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள், அதிலும் சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. நான்கு ஏரிகளும் சேர்ந்தே 11 டி.எம்.சி.க்குச் சற்று மேல்தான் பிடிக்கும். வாசல்வரை சிமெண்ட் போட்டுவிட்டதால் மண்ணும் குடிப்பதில்லை. ஆண்டு முழுக்க போர்வெல்லில் இறைக்கிறோம், திருப்பிக் கொடுப்பது கிடையாது.

100 சதுர மீட்டர் மாடியில் 1 மி.மீ. மழை பெய்தால் 100 லிட்டர். ஆண்டு மழையில் ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 1,12,000 லிட்டர் கிடைக்கும். 12,000 லிட்டர் லாரியில் ஒன்பது நடைக்கு மேல். ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று வைத்தால், நால்வர் உள்ள வீட்டுக்கு 200 நாள் தாண்டி வரும். இவ்வளவைத் தேக்கச் சம்ப் கட்ட யாராலும் முடியாது. வீட்டுக்கு அடியிலுள்ள மண்தான் தொட்டி. வேலையைச் செப்டம்பருக்குள் முடித்துவிடுங்கள்.

எங்கே இறக்குவது

பழைய கிணறு இருந்தால் அதைவிடச் சிறந்த இடம் கிடையாது. வறண்டுவிட்டது என்று மூட நினைக்காதீர்கள், மழையை வாங்கிக்கொள்ள வறண்ட கிணறும் போதும். ஓடிக்கொண்டிருக்கும் போர்வெல்லுக்குள் மட்டும் நேராக விடவே கூடாது. மாடிச் சேறு துளைக் குழாயை அடைக்கும். அதோடு, மண் வடிகட்ட வேண்டிய கிருமியை ஆழத்து நீரில் நாமே கொண்டுபோய்ச் சேர்த்தது போலாகும்.

கிணறு இல்லாதவர்கள் மூன்றடி விட்ட உறை (கான்கிரீட் வளையம்) இறக்கலாம். எவ்வளவு ஆழம் என்பதை மண் சொல்லும். ஓரடிக்கு ஓரடி அகலம், இரண்டடி ஆழத்தில் ஒரு குழி வெட்டி, தண்ணீர் ஊற்றி இரவெல்லாம் ஊறவிடுங்கள். காலையில் மறுபடி நிரப்பி நேரம் பாருங்கள். பெசன்ட் நகர் போன்ற கடலோர மணலில் நிமிடங்களில் இறங்கிவிடும். மணிக்கணக்கில் நின்றால் களிமண். அங்கே உறை களியைத் தாண்டி மணல் படுகையைத் தொட வேண்டும், இல்லையென்றால் நீங்கள் கட்டியது இன்னொரு தொட்டிதான். உறைகளின் இடுக்குகளைச் சிமெண்ட் வைத்துப் பூசாதீர்கள், தண்ணீர் பக்கவாட்டில் ஊறுவதற்கு வழி அதுதான். மேலே ஆள் இறங்கும் வாயோடு கான்கிரீட் மூடி போடுங்கள்.

குழாயும் வடிகட்டித் தொட்டியும்

கனமழை மணிக்கு 75 மி.மீ. வேகத்தில் வந்தால், ஒரு 110 மி.மீ. பிவிசி குழாய் 50 முதல் 60 சதுர மீட்டர் மாடிக்குத்தான் தாங்கும். 100 சதுர மீட்டருக்கு இரண்டு குழாய் வேண்டும். ஒன்றோடு நிறுத்தினால் மாடியில் தண்ணீர் தேங்கி, கைப்பிடிச் சுவரோரம் ஓதம் ஏறும்.

முதல் மழை மாடியைக் கழுவிவிடும்: காக்கை எச்சம், தூசி, காய்ந்த இலை. முதல் 2 மி.மீ. மழையை வெளியேற்ற வேண்டும், 100 சதுர மீட்டருக்கு அது 200 லிட்டர். இதைத் தானாகப் பிடிக்கும் என்று சொல்லிச் செங்குத்துக் குழாய் ஒன்றை விற்கிறார்கள். 110 மி.மீ. குழாய் ஒரு மீட்டருக்கு 9 லிட்டருக்குக் குறைவாகவே பிடிக்கும், மூன்று மீட்டர் வைத்தாலும் 25 லிட்டர்தான். அதைவிட, இறங்கும் குழாயில் ஒரு ‘டீ’ பொருத்துங்கள். பக்கக் கிளை வடிகட்டித் தொட்டிக்குப் போகட்டும், நேர்க் கிளையின் அடியில் திருகு மூடி இருக்கட்டும். மழை தொடங்கும்போது மூடி திறந்திருந்தால் அழுக்கு நீர் தோட்டத்துக்குப் போகும். பருவத்தின் முதல் மழைக்கு அரை மணி நேரம், அடுத்தடுத்த மழைகளுக்கு பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு மூடியைத் திருகினால் தண்ணீர் கிளைக்கு ஏறும். அந்த மூடியில் 4 மி.மீ. துளை ஒன்று போட்டுவைத்தால் மிச்ச நீர் வடிந்து கொசு சேராது.

வடிகட்டித் தொட்டி நீளம், அகலம், ஆழம் மூன்றும் இரண்டடி. அடியில் ஒன்பது அங்குலத்துக்கு 40 மி.மீ. ஜல்லி, அதன் மேல் நைலான் வலை, வலைமேல் ஆறு அங்குலத்துக்குக் கழுவிய 20 மி.மீ. கூழாங்கல். மீதி ஒன்பது அங்குலம் காலியாக இருக்கட்டும். தண்ணீர் மேலே நுழைந்து, எதிர்ச்சுவரின் அடியிலிருந்து கிணற்றுக்குப் போக வேண்டும். மேல்விளிம்புக்குக் கீழே வழிகுழாய் ஒன்று கட்டாயம் வையுங்கள்.

கொத்தனார் ஆற்று மணலும் போடச் சொல்வார். வேண்டாம். மணிக்கு 60 மி.மீ. மழையில் 100 சதுர மீட்டர் மாடியிலிருந்து நிமிடத்துக்கு 100 லிட்டர் வரும். இரண்டடி சதுர மணல் அந்த வேகத்துக்கு விடாது, நல்ல தண்ணீரெல்லாம் வழிகுழாய் வழியாகத் தெருவுக்குப் போய்விடும். மணல் செய்ய வேண்டிய வேலையைக் கிணற்றைச் சுற்றியுள்ள மண் செய்யும்.

கிணற்றுக்குள் போகும் குழாயை மேலேயே நிறுத்தினால் விழும் நீர் அடிச்சேற்றைக் கலக்கி, உறைக்குப் பின்னாலுள்ள மண்ணையும் அரிக்கும். சுவரோரமாகக் கீழ்வரை இறக்கி, விழும் இடத்தில் ஒரு கடப்பைக் கல் போடுங்கள். தெருத் தண்ணீரையும் கார் கழுவும் இடத்துத் தண்ணீரையும் இதில் சேர்க்கவே கூடாது. எண்ணெயும் சாக்கடையும் ஒருமுறை உள்ளே போனால் வெளியேற்றுவது பெரும்பாடு.

தூர் வாரும் வேலையில் ஒரு கண்டிப்பு. மூடிக் கிடந்த கிணற்றிலோ சம்பிலோ விளக்கு எரிகிறதே என்று நம்பி ஆளை இறக்காதீர்கள். விளக்கு எரியும் காற்றிலும் ஆளைச் சாய்க்கும் விஷவாயு இருக்கலாம். வெளியிலிருந்தே வாளியும் பம்பும் வைத்து வாரச் சொல்லுங்கள்.

சாக்கடை கலக்கும் வழிகள்

செப்டிக் டேங்குக்கும் கிணற்றுக்கும் 50 அடி இருப்பது நல்லது. அரை கிரவுண்டு மனையில் அது கைகூடாது. அப்படியானால் கிணற்று நீரைக் குளிக்க, துவைக்க, கழிப்பறைக்கு என்று தனிக் குழாயில் ஓட்டுங்கள், சமையலறைக்குக் குடிநீர் வாரியத் தண்ணீர் தனியாக வரட்டும். பாதாளச் சாக்கடை இணைப்பு கிடைத்த பிறகும் பழைய உறிஞ்சு குழியை அப்படியே விட்டிருப்பார்கள். அதைக் காலி செய்து, சுண்ணாம்பு தூவி, மண் போட்டு மூடுங்கள்.

வாரியக் குழாயிலும் கவனம் தேவை. சில மணி நேரம் மட்டும் தண்ணீர் விடுவதால், நின்ற பிறகு குழாயில் அழுத்தம் இருக்காது. தளர்ந்த இணைப்பு வழியாகச் சுற்றியுள்ள கசிவு உள்ளே இழுபடும். அடிபம்போ மோட்டாரோ, முதலில் வரும் இரண்டு மூன்று வாளியைப் பிடித்துப் பாருங்கள், நிறமோ நாற்றமோ தெரிந்தால் சம்பில் விடாதீர்கள்.

சம்புக்கு 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் பிளீச்சிங் பவுடர். வாளியில் கரைத்து, படிந்ததும் தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, அரை மணி நேரம் கழித்துப் பயன்படுத்துங்கள். நாள்பட்ட பவுடருக்கு வீரியம் இருக்காது, மூக்கில் ஏறும் நெடி இல்லையென்றால் புதிதாக வாங்குங்கள்.

வெள்ளம் புகுந்த கிணற்றுக்கு இந்த அளவு பற்றாது. நான்கடி விட்டம், பத்தடி தண்ணீர் என்றால் ஏறக்குறைய 3,500 லிட்டர். முதலில் சேற்று நீரை இறைத்துவிட்டு, ஊறி நிறைந்ததும் அரைக் கிலோ பவுடர் கரைத்து ஊற்றுங்கள். ஒரு நாள் அப்படியே விட்டு, நெடி போகும்வரை இறைத்து வெளியேற்றுங்கள். அந்த நீரைச் செடிக்கும் செப்டிக் டேங்குக்கும் விடாதீர்கள்.

உப்பு ஏறுகிறதா என்று பார்ப்பது

கடலோரத்தில் நன்னீர் உப்புநீர்மேல் மிதக்கிறது. நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நின்றால், அடியில் 40 மீட்டர்வரை உப்பைத் தள்ளி வைக்கும். மேலே அந்த ஒரு மீட்டர் இறங்கினால் கீழிருந்து உப்பு ஏறும். மீஞ்சூர் பக்கம் வயற்கிணறுகளில் உப்பு புகுந்ததும் அளவுக்கு மீறி இறைத்ததால்தான்.

நீரில் கரைந்த உப்பை அளக்கும் கையடக்க டி.டி.எஸ். மீட்டர் ஒன்றும், கல் கட்டிய கயிறு ஒன்றும் போதும். மாதத்தில் ஒரு நாள், காலையில் மோட்டார் போடும் முன், நீர் மட்டத்தையும் டி.டி.எஸ்.ஸையும் காலண்டரில் குறித்து வையுங்கள். குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் நல்லது, வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை இந்தியத் தர அளவு அனுமதிக்கிறது. ஜனவரியில் எண் குறைந்து மட்டம் உயர்ந்திருந்தால் மாடித் தண்ணீர் மண்ணுக்குப் போயிருக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் மட்டம் இறங்க இறங்க எண் ஏறினால், ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் இறைப்பதை விட்டு, காலையில் கால் மணி, மாலையில் கால் மணி என்று பிரித்து இறையுங்கள்.