குதிரைச் சாணச் சூட்டில் தக்காளி நாற்று

1900 வாக்கில் அமெரிக்கப் பண்ணை வீடுகளில் மின்சாரம் ஏது? மார்ச் குளிரிலும் தக்காளி நாற்றைக் காப்பாற்றியது குதிரைச் சாணம்தான். ஓஹையோவில் என் தோட்டத்திலும் இன்னும் அதே முறைதான்.

வைக்கோல் கலந்த புதுச் சாணத்தைக் குவியுங்கள். ஆவி வந்ததும் ஒருமுறை புரட்டி, இரண்டரை அடிக் குழியில் அடுக்கடுக்காகப் போட்டு மிதியுங்கள். மேலே ஐந்து அங்குலம் நல்ல மண். சுற்றிலும் பலகை, வடபுறம் உயரமாக. மூடுவதற்கு 3க்கு 6 அடி கண்ணாடிச் சட்டம். அந்தக் கால அளவு அது, பழைய ஜன்னலும் போதும்.

உடனே விதைத்தால் வெந்துவிடும். மண்சூடு 90 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்கட்டும். அப்புறம், வெயில் நாளில் கண்ணாடியைக் கொஞ்சம் தூக்கி வையுங்கள். ராத்திரி பழைய கம்பளியைப் போர்த்துங்கள். மாட்டுச் சாணம் வேண்டாம், அதில் இவ்வளவு சூடு வராது.