பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கிப் பராமரிப்பது எப்படி

இருபது, முப்பது வருடப் பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்க வருபவர்கள் பெரும்பாலும் முதலில் பார்ப்பது ஓடோமீட்டரைத்தான். குறைவாக ஓடிய கார் நல்ல கார் என்ற எண்ணம் புதிய வண்டிகளுக்குப் பொருந்தலாம். இந்த வயதுக் கார்களுக்குப் பொருந்தாது. ரப்பர், பிளாஸ்டிக், ஆயில், கூலன்ட் ஆகியவை எல்லாம் ஓடிய தூரத்தால் மட்டுமல்ல, கடந்த வருடங்களாலும் கெடுகின்றன. பல ஆண்டுகள் ஷெட்டிலேயே நின்ற காரில் ஆயில் சீல்கள் காய்ந்திருக்கும், பெட்ரோல் டேங்கின் உட்புறம் துருப்பிடித்திருக்கும், இன்ஜெக்டர்கள் அடைத்திருக்கும், பிரேக் பேடுகளை அழுத்தும் காலிப்பரின் பிஸ்டன்கள் இறுகிப் போயிருக்கும். ஆகவே 40,000 கிலோமீட்டர் மட்டும் ஓடிவிட்டு நின்றுபோன காரைவிட, 1,50,000 கிலோமீட்டர் இடைவிடாமல் ஓடி, ஒவ்வொரு சர்வீசுக்கும் ரசீது வைத்திருக்கும் காரையே நான் பரிந்துரைப்பேன்.

பணக் கணக்கிலும் ஒரு விஷயத்தை முன்கூட்டியே புரிந்துகொள்ள வேண்டும். காரின் விலை காலப்போக்கில் இறங்கிவிடும். ஆனால் உதிரிபாகங்களின் விலையும் வேலைக்கூலியும் அந்தக் கார் புதிதாக இருந்தபோது எந்தத் தரத்தைச் சேர்ந்ததோ அந்தத் தரத்திலேயே நிற்கும். வாங்கும் விலையில் குறைந்தது நான்கில் ஒரு பங்கை முதல் ஆண்டு வேலைகளுக்கென்று ஒதுக்கி வைக்க முடியாவிட்டால், இன்னும் எளிய மாடல் ஒன்றைத் தேடுவதே நல்லது.

எந்த மாடலாக இருந்தாலும் அதற்கென்றே உரிய பலவீனங்கள் உண்டு. அவற்றை அறியாமல் விலை பேச உட்காரக் கூடாது. போர்ஷே 944 காரில், வால்வுகளைப் பிஸ்டன்களோடு ஒத்து இயங்கவைக்கும் டைமிங் பெல்ட் அறுந்தால் பிஸ்டன்கள் வால்வுகளில் மோதி அவற்றை வளைத்துவிடும். பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்பதற்கு ஆதாரம் இல்லையென்றால், மாற்றப்படவில்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். 1989-இல் வந்த முதல் தலைமுறை மஸ்டா எம்எக்ஸ்-5 காரின் 1.6 லிட்டர் இன்ஜினில் பெல்ட் அறுந்தாலும் வண்டி நிற்குமே தவிர வால்வுகளுக்குச் சேதமில்லை. அதன் பகை துரு. துணிக்கூரையின் ஓரத்தில் விழும் மழைநீரை வெளியேற்றும் துளைகள் இலையும் தூசியும் சேர்ந்து அடைத்துக்கொள்ள, நீர் கதவுக்குக் கீழுள்ள சில் பகுதிக்குள் தேங்கி, உள்ளிருந்தே இரும்பைத் தின்றுவிடும். பிஎம்டபிள்யூ 3 சீரீஸின் இ46 தலைமுறையில் கூலன்ட் டேங்க், தெர்மோஸ்டாட் உறை போன்ற பிளாஸ்டிக் பாகங்கள் வெப்பத்தில் நொறுங்கும் தன்மை அடைகின்றன. போர்ஷே 911-இன் 996 தலைமுறையில் இன்ஜினுக்குள் இருக்கும் இடைநிலைத் தண்டின் பேரிங் உடைந்தால் முழு இன்ஜினும் போய்விடும். அதே தலைமுறையின் டர்போ, ஜிடி3 மாடல்களில் வேறு இன்ஜின் என்பதால் அவற்றுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

காரைப் பார்க்கப் போகும்போது, நீங்கள் வரும்வரை இன்ஜினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிட வேண்டும். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். அது சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள் என்று சந்தேகப்பட இடமுண்டு. குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்த கணத்தில் நீலப் புகை கொஞ்சம் வந்து மறைந்தால் வால்வு சீல்கள் தேய்ந்திருக்கலாம். ஓட்டும்போது தொடர்ந்து வந்தால் பிஸ்டன் ரிங்குகளைச் சந்தேகிக்க வேண்டும். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகும் இனிப்பு வாசனையுடன் வெண்புகை நிற்காமல் வந்தால் சிலிண்டர்களின் மேல்மூடியை அடைக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்க வாய்ப்பு அதிகம். கார்ப்பெட்டைத் தூக்கி ஈரம் இருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். டிக்கியில் ஸ்டெப்னி இருக்கும் பள்ளத்தையும் விடாதீர்கள். ஒரு சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, சக்கர வளைவுகளின் மீதும் சில் மீதும் நகர்த்தினால், பட்டி பூசி மறைத்த இடங்களில் அது ஒட்டாது. அலுமினியம் போன்ற இரும்பல்லாத உடலுக்கு இந்தச் சோதனை உதவாது. குளிர்ந்த நிலையில் மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவதுக்கு இறக்கும்போது கரகரவென்று சத்தம் வந்தால் கியர்களை உரசாமல் இணைக்கும் சின்க்ரோ தேய்ந்துவிட்டது. இவ்வளவும் சரியாக இருந்தால், அந்த மாடலை அறிந்த மெக்கானிக்கிடம், சிலிண்டர்களுக்குள் உருவாகும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் சோதனைக்குக் கொடுங்கள். சிலிண்டர்களுக்கிடையே 15 சதவீதத்துக்கு மேல் வேறுபாடு தெரிந்தால் அந்தக் காரை விட்டுவிடலாம். மஸ்டா ஆர்எக்ஸ்-7 காரில் உள்ளது போன்ற, பிஸ்டனுக்குப் பதில் சுழலும் ரோட்டர் கொண்ட ரோட்டரி இன்ஜின்களுக்கு இதற்கென்றே தனிக் கருவி தேவை. சாதாரண மீட்டரில் எடுத்த அளவை நம்பக் கூடாது.

கார் வீட்டுக்கு வந்ததும் நீண்ட பயணம் கிளம்பத்தான் மனம் துடிக்கும். கொஞ்சம் பொறுங்கள். முந்தைய உரிமையாளர் எதைச் செய்தார், எதைச் செய்யவில்லை என்ற குழப்பத்துக்கு முடிவுகட்ட, இன்ஜின் ஆயில், கியர் ஆயில், டிஃபரன்ஷியல் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில் அனைத்தையும் ஒரே தவணையில் மாற்றி, அன்றைய தேதியையும் கிலோமீட்டரையும் எழுதி வைக்க வேண்டும். டைமிங் பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள், ஏனென்றால் பெரும்பாலான இன்ஜின்களில் ஒன்றைக் கழற்றும் வேலைதான் மற்றவற்றுக்கும். பெட்ரோல் ஹோஸ்களைக் கிளாம்ப் அருகே விரலால் அழுத்தி வளைத்துப் பாருங்கள்: மேற்புறத்தில் மெல்லிய வெடிப்புகள் விரிந்தாலோ, ரப்பர் கொழகொழவென்று அமுங்கினாலோ அன்றே மாற்றிவிட வேண்டும். எத்தனால் கலந்த பெட்ரோல் புழக்கத்துக்கு வருமுன் செய்யப்பட்ட ஹோஸ்கள் அதைத் தாங்குவதில்லை, சூடான இன்ஜின்மேல் பெட்ரோல் சொட்டினால் கார் தீப்பிடிக்கும்.

பிரேக் ஆயிலைப் பலர் அலட்சியம் செய்கிறார்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் திரவம். டாட் 4 தரத்தில் புதிய ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் ஏறிய நிலைக்கு அந்தத் தரம் விதிக்கும் எல்லையோ 155 டிகிரிதான். மலைப்பாதையில் வேகமாக இறங்கும்போது காலிப்பர் சூடேறி உள்ளே ஆயில் ஆவியாகிவிட்டால், பெடல் தரைவரை போகும், கார் நிற்காது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுவது கட்டாயம்.

டயருக்கும் இதே கவனம் வேண்டும். பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டும் வாரத்தையும் அடுத்த இரண்டும் ஆண்டையும் குறிக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். பட்டன் முழுதாக இருந்தாலும் பத்து ஆண்டைத் தாண்டிய டயரில் ஓட்டாதீர்கள். பின்சக்கர இயக்கம் கொண்ட பழைய கார்கள் பலவற்றில் வழுக்கலைத் தடுக்கும் மின்னணு உதவி எதுவும் கிடையாது. இறுகிப் போன ரப்பருடன் ஈரச் சாலையில் திரும்பினால் பின்பகுதி சொல்லாமல் சுழன்றுவிடும்.

இன்ஜின் ஆயிலை எவ்வளவு குறைவாக ஓட்டினாலும் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றி, டிப்ஸ்டிக்கை அடிக்கடி பாருங்கள். ரோட்டரி இன்ஜின் தன் அறைகளுக்குள் ஆயிலைச் செலுத்தி எரிக்கும்படியே வடிவமைக்கப்பட்டது, எனவே அதில் ஆயில் குறைவது கோளாறு அல்ல, ஊற்றாமல் விடுவதுதான் தவறு. 9,000 ஆர்பிஎம் வரை சுழலும் ஹோண்டா எஸ்2000 போன்ற இன்ஜின்களிலும் அளவைக் கண்காணிப்பது அவசியம். கூலன்ட் முள் நடுவுக்கு வந்துவிட்டது என்பதால் ஆயிலும் சூடாகிவிட்டது என்று பொருளில்லை. மேலும் பத்து நிமிடம் நிதானமாக ஓட்டிய பிறகே ஆக்சிலரேட்டரை முழுதாக மிதியுங்கள்.

சஸ்பென்ஷன் இணைப்புகளில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் உறைகளான புஷ்களை இரு பக்கமும் சேர்த்து மாற்றி, உடனே வீல் அலைன்மென்ட் பார்த்தால், ஸ்டீயரிங் முற்றிலும் வேறு காரைப் போல உணர்த்தும். பாலியூரித்தேன் புஷ் நீண்ட நாள் உழைக்கும் என்றாலும் அதிர்வைக் கூட்டும். சாலையில் ஓட்டும் காருக்கு ஒரிஜினல் ரப்பரே என் தேர்வு. மின்சாரக் கோளாறு வந்தால் சென்சார்களை ஒவ்வொன்றாக மாற்றத் தொடங்குமுன், உடலோடு இணையும் எர்த் முனைகளைக் கழற்றித் தேய்த்துச் சுத்தம் செய்து, பேட்டரி அமைதி நிலையில் 12.6 வோல்ட் அளவில் இருக்கிறதா என்று பாருங்கள்.

காரின் அடியில் வேலை செய்யும்போது ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் படுக்காதீர்கள். துருவால் வலுவிழந்த சில் எடையைத் தாங்காமல் நசுங்கும். தயாரிப்பாளர் குறித்த இடத்தில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, எதிர்ப்புறச் சக்கரங்களுக்கு முட்டுக்கொடுத்த பிறகே கீழே போக வேண்டும். துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு முந்தைய இரவே துரு தளர்த்தும் ஆயிலை விட்டு வைத்தால், குறிப்பாக எக்ஸாஸ்ட் ஸ்டட்கள் உடையாமல் கழன்று வர வாய்ப்பு அதிகம்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது அரை மணி நேரம் ஓட்டுங்கள். நிறுத்திய இடத்திலேயே ஐந்து நிமிடம் இன்ஜினை ஓடவிடுவது நன்மையைவிடத் தீங்கே செய்யும், ஏனெனில் இன்ஜின் முழுச் சூட்டை எட்டாததால் நீராவி ஆயிலிலும் சைலன்சரிலும் படிந்துவிடும். மாதக்கணக்கில் நிறுத்த நேர்ந்தால், டேங்கை நிரப்பி, டயர் காற்றைச் சற்றுக் கூட்டி, பேட்டரிக்குப் பராமரிப்புச் சார்ஜரை இணைத்து, ஹேண்ட்பிரேக்கை விடுவித்துச் சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள்; ஹேண்ட்பிரேக் போட்டே நின்ற காரில் பிரேக் ஷூவோ பேடோ ஒட்டிக்கொள்ளும்.